ஊதினால் வராத குழாய்

இது பட்டப்பகலில் நடந்தது. மழை இல்லை, மின்வெட்டு இல்லை, எந்த நாயும் ஊளையிடவில்லை. அடுப்பில் குக்கர் இருந்தது, பக்கத்து வீட்டில் யாரோ சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். பேய் என்றால் இருட்டு வேண்டும், கொலுசு வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நடந்தது என் கூடப்பிறந்த தங்கைக்கு. பொய் சொன்னால் அவளுக்கு மூக்கு வியர்க்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இதைச் சொன்னபோது வியர்க்கவில்லை.

தங்கைக்கு ஒரே மகள். நான்கு வயது. சத்தமே இல்லாமல் வந்து பின்னால் நிற்பாள் என்பதால் வீட்டில் அவளுக்குப் 'பூனை' என்று பெயர். பூனையாவது பசித்தால் மியாவ் என்னும், இவளிடம் அதுவும் இல்லை. காது நன்றாகக் கேட்டது, சொன்னதெல்லாம் புரிந்தது, பேச்சுதான் வரவில்லை. பார்க்காத டாக்டர் இல்லை. "பேசுவா, பேசுவா, இவ அப்பனே லேட்டாத்தான் பேசினான்" என்று தேற்றியவர்கள்கூட ஓய்ந்து போனார்கள்.

"ஒரே ஒரு தடவை 'அம்மா'ன்னு கேட்டுட்டா போதும்க்கா. அப்புறம் ஆயுசுக்கும் பேசாட்டிகூடப் பரவாயில்லை" என்று தங்கை என் தோளில் சாய்ந்து அழுவாள். என்ன செய்வது?

பேச்சுப் பயிற்சி தருகிற தெரபிஸ்ட் ஒரு வழி சொன்னார். டிஷ்யூ பேப்பர் சுற்றி வரும் அட்டைக் குழாய் ஒன்று, கேக் தட்டில் போடும் பட்டர் பேப்பர் ஒரு துண்டு, ஒரு ரப்பர் பேண்ட். குழாயின் ஒரு பக்கத்தைக் காகிதத்தால் விறைப்பாக மூடி ரப்பர் பேண்ட் போட வேண்டும். அதற்குச் சற்றுக் கீழே பென்சில் முனையால் ஓர் ஓட்டை. அவ்வளவுதான். திறந்த பக்கத்தில் வாயை வைத்து 'ஊ' என்றால் காகிதம் அதிர்ந்து, உள்ளே வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ரீங்காரமிடும்.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க" என்றாராம் தெரபிஸ்ட். "ஊதினா வராது. தொண்டையிலேருந்து குரல் வந்தாத்தான் சத்தம். அதுக்குத்தான் இது."

தங்கை முதலில் செய்த குழாயில் காகிதம் தொளதொளவென்று இருந்ததால் சத்தமே வரவில்லை. இரண்டாவது நன்றாக வந்தது. மஞ்சள் கலர் பேப்பர் சுற்றி, நட்சத்திரமெல்லாம் ஒட்டிக் கொடுத்தாள். பூனை வாங்கி வாயில் வைத்தாள். ஃபூ… வெறும் காற்று. மறுநாளும் ஃபூ. தங்கை பாடிப் பாடிக் காட்டினாள். உதடு கூசி மரத்துப்போனதுதான் மிச்சம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. மாமியார் எப்போதோ காலமாகிவிட்டார்; மாமனார் தன் பூட்டுக்கடைக்குப் போய்விட்டார். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். தங்கை சமையலறையில் இருந்தாள், பூனை பின்னறையில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

ங்ஙொய்ங்…

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். பூனை தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். தங்கை அவளை அள்ளி முத்தமிட்டு, அந்தக் கையோடு எனக்குப் போன் செய்தாள். "அக்கா, குரல் குடுத்துட்டாக்கா!" நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். தலைவலி மாத்திரை கேட்டு நின்றவரைக் காக்க வைத்துவிட்டு அழுதேன்.

அந்தச் சந்தோஷத்தில் அவள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அறை வாசலில் அவள் கால் வைத்தபோதும் சத்தம் ஓயவில்லை. ஆனால் குழாய் பூனையின் மடியில் இருந்தது.

மறுநாள் போனைப் பின்னறை அலமாரியில் வைத்துப் பதிவு செய்து தெரபிஸ்டுக்கு அனுப்பினாள். அவரே கூப்பிட்டார்.

"ரொம்ப நல்லாப் போகுது. நீங்க முதல்ல பாடி, அவ திருப்பிப் பாடுற முறை சரிதான். ஆனா உங்க குரலை அப்படிக் குழந்தை மாதிரி மாத்திக்க வேண்டாம்."

"நானா?"

"ரெண்டு பேர் கேக்குதே…"

தங்கை அந்த நேரம் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பதிவை மறுபடி போட்டுக் கேட்டாள். தூரத்தில் அவளுடைய குக்கர் விசில் அடித்தது. கிட்டத்தில் இரண்டு குரல்கள், ஒன்று மாற்றி ஒன்று.

அடுத்த நாள் சத்தம் வந்ததும் அவள் ஓடவில்லை. வெறுங்காலோடு மெல்லப் போய்க் கதவிடுக்கில் பார்த்தாள்.

கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரு மூலை. பூனை அதைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். குழாயைத் தன் வாயில் வைக்கவில்லை. கையை நீட்டி, எதிரில் இருக்கும் குழந்தைக்குப் பால் புகட்டுவதுபோல் பிடித்திருந்தாள். தன் உயரத்துக்கே.

எதிரில் யாரும் இல்லை.

காகிதம் அதிர்ந்தது.

ங்ஙொய்ங்… ங்ஙொய்ங்…

பூனை தலையாட்டினாள். குழாயைத் திருப்பி வாங்கித் தன் வாயில் வைத்தாள். அதே மாதிரி பாடினாள். மறுபடி மூலைக்கு நீட்டினாள்.

தங்கையின் கை கதவில் பட்டது.

கதவு கிரீச்சிட்டது.

பூனை திரும்பினாள். தன்னைப் பெற்றவளை நேராகப் பார்த்தாள். வாய் திறந்தது.

"அண்ணி."

குழந்தைகள் மற்றவர்கள் கூப்பிடுவதைக் கேட்டுத்தான் கூப்பிடும். பெற்ற தாயை அக்கா என்று கூப்பிடும் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் என் தங்கையை அண்ணி என்று கூப்பிட இந்த உலகத்தில் ஆள் கிடையாது. அவள் வீட்டுக்காரர் ஒரே பிள்ளை. கல்யாணம் பேசும்போது, "நாத்தனார் தொல்லை இல்லை, நிம்மதி" என்று எங்கள் அம்மா சந்தோஷப்பட்டது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மாலையில் மாமனார் வந்தார். கல்லுளிமங்கன், நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். தங்கை எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவனுக்கு அடுத்து ஒண்ணு இருந்துச்சும்மா. பொண்ணு. மூணு வயசு. பேச்சு வரலை."

தங்கை அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"பின்னறையில அப்பல்லாம் ஒரு பெரிய மரப்பெட்டி இருக்கும். ஒளிஞ்சு விளையாடப் போயிருக்கா. மூடி விழுந்துருச்சு. நாங்க தெருத்தெருவாத் தேடுறோம், பேர் சொல்லிக் கத்துறோம்… அவ வீட்டுக்குள்ளயே இருக்கா. நான் கூப்பிட்டது கேட்டிருக்கும். பதில் குடுக்கத்தான்…"

அப்போதுதான் செருப்பைக் கழற்றினார்.

"இவருக்குத் தெரியாதா மாமா?"

"நாலு வயசு அவனுக்கு. கேட்டான், கேட்டான்… அப்புறம் கேக்கறதை விட்டுட்டான். இருந்த ஒரே போட்டோவையும் உன் மாமியார் எரிச்சுட்டா."

இதைக் கேட்டபோது எனக்கு ஒன்றுதான் குடைந்தது. அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது அவளுக்கு எப்படித் தெரியும்? பிறகுதான் உறைத்தது. யாரும் போய்ச் சொல்லியிருக்க வேண்டாம். முப்பது வருடமும் வீட்டில்தான் இருந்திருக்கிறாள்.

மாப்பிள்ளை விஷயத்தைக் கேட்டதும் எழுந்து பின்னறைக்குப் போனார். குழாயைக் காலால் நசுக்கினார். கொண்டுபோய்த் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டார். "எம்பொண்ணு பேசவே வேண்டாம்" என்றார். நானும் அதைத்தான் சொன்னேன். வீட்டைக் காலி பண்ணுடி என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன்.

பூனையின் வாய் மறுபடி மூடிக்கொண்டது. 'அண்ணி'கூட இல்லை.

பின்னறையின் வாய் மூடவில்லை.

ஃபூ…

பூனை கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வரும். தங்கையின் மடியில் இருக்கும்போது வரும். நல்ல வெயில் நேரத்தில் வரும்.

ஃபூ… ஃபூ…

குரலே இல்லாத காற்று. விடாமல். தங்கை காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் நடப்பாள், வாசலுக்கு ஓடுவாள், திரும்பி வருவாள். சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் எனக்குப் போன் செய்தாள். குரலில் பயம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"அக்கா, அது யாரையும் மிரட்டலைக்கா. கூப்பிடப் பாக்குது. பெட்டிக்குள்ளயும் இப்படித்தான் ஊதி ஊதிப் பாத்திருக்கும்."

"பைத்தியமாடி உனக்கு? பிள்ளையைத் தூக்கிட்டு இங்க வா!"

போனை வைத்துவிட்டாள். அன்று மதியமே சமையலறைத் தரையில் உட்கார்ந்து பட்டர் பேப்பரை வெட்டினாள். இந்த முறை இரண்டு குழாய் செய்தாள். ஒன்றைப் பின்னறை மூலையில் வைத்தாள்.

பூனை இப்போது பேசுகிறாள். சாதாரணப் பேச்சா? வாய்க்குப் பூட்டுத்தான் போட வேண்டும். 'அம்மா' என்றும் வந்துவிட்டது. அதைக் கேட்டு என் தங்கை அழுத அழுகையை நான் போனில் கேட்டேன். மாமனார் நாலு மணிக்கே கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுகிறாராம். பின்னறை நிலைப்படியில் உட்காருவாராம். உள்ளே போக மாட்டார். எதற்காக உட்கார்ந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை.

போன சனிக்கிழமை நானே போனேன். பாதி நம்பிக்கை இல்லாமல்தான் போனேன். மாலை ஐந்து மணி, நல்ல வெளிச்சம். பூனை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். தங்கை என் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை இன்னும் வரவில்லை. மாமனார் வழக்கம்போல் பின்னறை நிலைப்படியில் இருந்தார்.

பின்னறையில் காகிதம் அதிர்ந்தது.

நின்றது.

மறுபடி.

ங்ங… அ… ப்…

தங்கை துணியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அ…ப்பா…"

மாமனார் பதறவில்லை, எழுந்திருக்கவில்லை. தினமும் கேட்டுப் பழகிய அப்பா மாதிரி, ரொம்பச் சாதாரணமாக உள்ளே பார்த்து,

"என்னம்மா?" என்றார்.