அணைக்கக் கூடாத வண்டி

மதியம் இரண்டு மணிக்கு மேல் செய்தி வந்தது. தங்கை அப்போது காவல் கோபுரத்து நான்கு சக்கர பைக்கின் இருக்கையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வன அலுவலக எழுத்தர் போனில் பேசினார். மலை உச்சிக் கோபுரத்திலிருந்து வயர்லெஸ்ஸில் தகவல் வந்திருக்கிறது, அங்கே வேலை செய்துகொண்டிருந்த அவளுடைய அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை என்றார். சொல்லிவிட்டு, "லைன்ல இருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இருக்கேன்" என்றாள்.

கழற்றிய இருக்கையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அது வழுக்கி விழுந்தது. மறுபடி சாய்த்து வைத்தாள்.

பட்டறைக்குப் பின்பக்கம்தான் வீடு. அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தங்கை நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். அண்ணி கையிலிருந்த சட்டையை முழுதாக மடித்து முடித்தாள். "காலையில சாப்பிடாமக் கிளம்பிட்டாரு" என்றாள். சட்டையை அடுக்கின் மேல் வைத்துவிட்டு, "எப்படிக் கொண்டு வருவாங்க?" என்று கேட்டாள்.

அதுதான் கேள்வி. ஜீப் அடிவாரம் வரைதான் போகும். அதற்கு மேல் பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிய தடம். நான்கு சக்கர பைக் மட்டும் ஏறும். கோபுரத்துக்கு இருந்த ஒரே பைக் பட்டறையில் கிடந்தது. அடுத்த சரகத்து பைக் நாளைக் காலையில்தான் வரும் என்று எழுத்தர் சொல்லியிருந்தார். சாயங்காலம் மழை வந்தால் நடுவில் இருக்கிற ஓடையில் தண்ணீர் ஏறிவிடும். அப்புறம் நாளைக் காலை என்பதும் நிச்சயமில்லை.

"அவரு ராத்திரி பூரா அங்கேயே கிடக்கக் கூடாது" என்றாள் அண்ணி. "வண்டியை நீ சரி பண்ணு."

அண்ணனுக்கு அந்த வட்டாரத்தில் பேட்டரி என்று பெயர். எந்த வண்டி வந்து நின்றாலும், கிட்டே போவதற்கு முன்னாலேயே, "பேட்டரி போயிருச்சு" என்பார். டயரில் காற்று இறங்கியிருந்தாலும் அதையே சொல்வார் என்று பக்கத்துக் கடை வெல்டர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதில் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. ஒயர் என்றால் மட்டும் முகம் சுளிக்கும். தங்கை எலெக்ட்ரிகல் படித்து டவுனில் ஒரு தொழிற்சாலையில் இருந்தாள். அதை மூடியபோது, "வந்துரு. எனக்கும் கரண்டுக்கும் ஒத்துவராது" என்று கூட்டிவந்தவர் அவர்தான். அன்றிலிருந்து அவளை மீட்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வனத்துறை வண்டி, கல்குவாரி வண்டி, தோட்டத்து வண்டி எல்லாம் வந்தன. எஞ்சினுக்கு அவர், ஒயருக்கு அவள்.

அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த வண்டியையும் பெயின்ட் அடிக்காமல் வெளியே அனுப்ப மாட்டார். பிரேக் கட்டை மாற்ற வந்த வண்டிகூடக் கறுப்புச் சட்டம் மின்னத்தான் திரும்பிப் போகும். யாரும் கேட்டதில்லை. "கண்ணுக்கு நல்லா இருந்தா ஓட்டுறவனும் ஒழுங்கா ஓட்டுவான்" என்பார்.

கோபுரத்து பைக் இரண்டு வாரமாகத் தகராறு செய்தது. ஸ்டார்ட் ஆகும், பாதி மலை ஏறும், நின்றுவிடும். அண்ணன் புது பேட்டரி போட்டார். அதுவும் அப்படியே நின்றது. "பேட்டரி நல்லாத்தான் இருக்கு, சார்ஜ் ஏறலை" என்றாள் தங்கை. "வண்டி நிக்குதுன்னா என்னடி அர்த்தம்? பேட்டரி நிக்குதுன்னுதானே?" என்றார் அண்ணன். இரண்டு பேரும் ஒரு நாள் பேசிக்கொள்ளவில்லை. பழைய பேட்டரியை அவள் சார்ஜரில் போட்டு, சோதித்து, நல்லது என்று மூலையில் தனியாக வைத்தாள். கோபுரத்து வயர்லெஸ் செட்டுக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டதாக ஆள் வந்து சொன்னபோது, அண்ணன் அந்தப் பழையதைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டார். "இதை நல்ல பேட்டரின்னு ஒருத்தி சொன்னா. பாப்போம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்து கிளம்பினார். இன்று காலைதான்.

வெல்டர் செய்தி கேட்டு ஓடிவந்தார். வந்தவர் வாசலிலேயே நின்று, "என்ன மீட்டரு, பேட்டரி போயி..." என்று பழக்கத்தில் ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டு தலையைத் தாழ்த்தினார். தங்கைக்கு அது காதில் விழுந்தது. ஒன்றும் தோன்றவில்லை.

"அண்ணே, உங்க வேனைக் கிட்டக் கொண்டாங்க. எஞ்சினை அணைச்சிருங்க. கேபிள் இருக்குல்ல?"

"இருக்கு. சொல்லு."

"சிவப்பு சிவப்புக்கு. கறுப்பை பேட்டரியில வைக்காதீங்க, இதோட சட்டத்துல வைங்க."

"எங்க பாத்தாலும் பெயின்ட்டா இருக்கு. கிளிப்பு கவ்வ மாட்டேங்குது."

"எஞ்சின் போல்ட்டுல வைங்க."

வேன் பேட்டரியின் தயவில் பைக் ஸ்டார்ட் ஆனது. கேபிளை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரின் இரண்டு முள்ளையும் பைக் பேட்டரியின் முனைகளில் வைத்தாள். பன்னிரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் பதினான்குக்கு ஏற வேண்டும். ஏறவில்லை, மெல்ல இறங்கியது. எஞ்சின் தன் பேட்டரியைத் தின்றுகொண்டிருந்தது, திருப்பித் தரவில்லை.

கரண்ட் பிறக்கிற காயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் ஒயர்களின் இணைப்பைப் பிரித்து, இரண்டிரண்டாக வைத்துப் பார்த்தாள். மூன்று ஜோடியும் ஒரே அளவு காட்டின. காயில் நல்லது. ஃபியூஸ் நல்லது. மிச்சம் இருப்பது ரெகுலேட்டர். காயிலில் பிறக்கும் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் அலுமினியப் பெட்டி அது.

"புதுசு கிடைக்குமா?" என்றார் வெல்டர்.

"டவுனுக்குப் போகணும். வர்றதுக்குள்ள இருட்டிரும்."

வெல்டர் வானத்தைப் பார்த்தார். மேற்கில் கறுத்திருந்தது. உள்ளே அண்ணி யாரிடமோ போனில், "ஆமா, மேலதான் இருக்காரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிற ஆளைச் சொல்வதுபோலத்தான் இருந்தது.

தங்கை இணைப்பைப் பழையபடி செருகினாள். இந்த வண்டியில் ரெகுலேட்டருக்கு, கரண்ட் திரும்பிப் போகும் எர்த் ஒயர் தனியாகக் கிடையாது. அதன் உடம்பே சட்டத்தின் வெறும் இரும்பைத் தொட்டு எர்த் எடுக்க வேண்டும். ஒரு முள்ளைப் பெட்டியின் உடம்பிலும் இன்னொன்றைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தாள். ஒன்றும் காட்டக் கூடாது. காட்டியது.

எஞ்சினை அணைத்துவிட்டு ரெகுலேட்டரின் இரண்டு போல்ட்டையும் கழற்றினாள். பெட்டி உட்கார்ந்திருந்த இடத்தில், சட்டத்தின் மேல், கறுப்பு பெயின்ட் தடிமனாக இருந்தது. இரண்டு கோட்டிங். பிரஷ் தடம்கூடத் தெரியவில்லை. போல்ட் துளையின் உள்விளிம்பு வரை அடித்திருந்தார்.

வெல்டர் குனிந்து பார்த்தார். "அவன் அடிச்சதா?"

"போன மாசம்."

"நல்லாத்தான் அடிச்சிருக்கான்" என்றார். பிறகு வேறெங்கோ பார்த்தார்.

அவரிடம் அரம் வாங்கி அந்த இடத்தைச் சுரண்டினாள். பெயின்ட் சுருள் சுருளாக வந்தது. வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, போல்ட்டுகளையும் தேய்த்து, பெட்டியை வைத்து முறுக்கினாள். விரல் நகத்துக்குள் கறுப்பு ஏறியிருந்தது. மறுபடி வேனிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்தாள். கேபிளை எடுத்தாள். ஆக்சிலரேட்டரைக் கொடுத்தபோது எண் பதின்மூன்றைத் தாண்டியது. பதினான்கில் நின்றது.

"சரியாயிருச்சா?"

"சார்ஜ் ஏறுது. ஆனா பேட்டரி காலி, சார்ஜர்ல போட நேரமில்லை. இப்ப அணைச்சா திரும்ப ஸ்டார்ட் ஆகாது. மேல போய் வர்ற வரைக்கும் அணைக்கக் கூடாது. லைட்டும் போடக் கூடாது. சும்மா நிக்கும்போதுகூட ஆக்சிலரேட்டரைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும்."

"அப்ப நான் ஓட்டட்டுமா? நீ மேல போனதும் அவனை..."

"வேணாம். உங்க கைக்கு இது ஆஃப் ஆயிரும். வெல்டிங் மெஷின் மாதிரியே பிடிப்பீங்க."

அந்த நேரத்தில் கேலி பேசியது அவள்தான். வெல்டர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இருக்கையை எடுத்துப் பூட்டிவிட்டு, டிரெய்லரை இழுத்துவந்து மாட்டினார். அண்ணி ஒரு போர்வையையும் தலையணையையும் கொண்டுவந்து டிரெய்லரில் விரித்தாள். "மெதுவாக் கூட்டிட்டு வா" என்றாள்.

வெல்டர் டிரெய்லரில் ஏறிக்கொண்டார். ஏற்றம் முழுவதும் தங்கை எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் குறைந்தால் கட்டைவிரல் தானாக அழுத்தியது. ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது. அண்ணன் இந்த வழியாக அந்தப் பாரத்தோடு ஏறியிருக்கிறார் என்று நினைத்தாள். நினைத்தாளே ஒழிய, அந்த நினைப்பு எங்கும் போய்த் தொடவில்லை.

கோபுரத்தின் கீழ் அறை வாசலில் காவலர் நின்றிருந்தார். வயதானவர். அவளைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தார். "உள்ள வாம்மா, வந்து பாரு."

"வண்டியை விட முடியாதுண்ணே. நீங்க ரெண்டு பேரும் தூக்கிட்டு வாங்க."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். வெல்டர் அவர் தோளைத் தொட்டு உள்ளே கூட்டிப்போனார். தங்கை வண்டியின் மேலேயே இருந்தாள், வலது கட்டைவிரல் ஆக்சிலரேட்டரில். திறந்த கதவு வழியாக அண்ணனின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஒரு காலில் செருப்பு இருந்தது. உள்ளே போக நாலைந்து எட்டுதான். கட்டைவிரலை எடுக்கவில்லை.

தூக்கி வந்து போர்வையில் கிடத்தி, உருளாமல் கயிறு கட்டினார்கள். கருவிப் பையைக் கால்மாட்டில் வைத்தார்கள். காவலர் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"பேட்டரியை வெச்சதும் செட்டு பேச ஆரம்பிச்சிருச்சும்மா. ரொம்ப சந்தோஷம் அவருக்கு. 'நல்ல பேட்டரி, நான் பாத்ததுமே சொல்லிட்டேன்'னாரு. அப்புறம்தான் வேர்க்குதுன்னு உட்கார்ந்தாரு. அந்த செட்டுலதான் நான் ஆபீசுக்குச் சொன்னேன்."

"நான் பாத்ததுமேன்னா சொன்னாரு?"

"ஆமாம்மா."

அவள் தலையாட்டினாள். கிளம்பினாள்.

ஓடையைத் தாண்டிய பிறகுதான் மழை பிடித்தது. வெல்டர் டிரெய்லரின் விளிம்பில் உட்கார்ந்து தன் சட்டையைக் கழற்றி அண்ணனின் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தார். பட்டறை வாசலில் அண்ணி நின்றிருந்தாள். அக்கம்பக்கத்தார் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். இருட்ட இன்னும் நேரம் இருந்தது. தங்கை இறங்கவில்லை. கட்டைவிரல் அப்படியே இருந்தது. எல்லாரும் உள்ளே போன பிறகு வெல்டர் திரும்பி வந்து, சாவியைத் தானே திருப்பி அணைத்தார்.

"போதும்மா" என்றார்.

அவளுக்கு அழுகை அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை. சில நாள் கழித்து வண்டியை எடுத்துப்போகக் காவலர் வந்தபோது, அது நன்றாகச் சார்ஜ் ஏறி ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனது. கோபுரத்து செட்டு வேலை செய்கிறதா என்று கேட்டாள். செய்கிறது, ஆனால் பேசும்போது பேட்டரியின் ஒரு முனையை விரலால் அழுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார் அவர். அண்ணன் ஒரு பக்கத்து போல்ட்டை ஸ்பேனர் போட்டு முறுக்கியிருந்தார். மற்றதை முறுக்குவதற்குள் வேர்த்து உட்கார்ந்துவிட்டார், அது கையால் சுற்றிவிட்ட அளவிலேயே இருக்கிறது.