அணுகுண்டுச் சணலும் ஆயில் போல்ட்டும்

என் மாமாவின் கைக்கு அந்த நாட்களில் ஒரே ஒரு வேலைதான் தெரியும்: இறுக்குவது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணமாகாமல் எங்கள் வீட்டோடு இருந்தவர். ஆமத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து காலையில் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிப் போய், பொழுதுக்கும் அணுகுண்டுக்குச் சணல் சுற்றுவார். மருந்து அடைத்த சின்ன அட்டை டப்பாவின் மேல், பசையில் தோய்த்த சணலைப் பல்லைக் கடித்துக்கொண்டு வரிவரியாகச் சுற்ற வேண்டும். சுற்று எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு சத்தம். தளர்ந்த குண்டு புஸ்ஸென்று போய்விடும். தான் சுற்றிய குண்டு எதுவும் எந்தத் தீபாவளிக்கும் புஸ்ஸானதில்லை என்று மாமா சொல்லிக்கொள்வார். எந்தெந்த ஊர்த் தீபாவளியைப் போய்ப் பார்த்தார் என்று நாங்கள் கேட்டதில்லை.

அந்தப் பெருமை கம்பெனி வாசலோடு நிற்கவில்லை, வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அவர் மூடிய ஊறுகாய் பாட்டிலை வேறு யாராலும் திறக்க முடியாது. அவர் அடைத்த குழாயைத் திறக்க அவரையே எழுப்ப வேண்டும். அம்மாவுக்கு நேரமில்லாத காலைகளில் மாமாதான் எனக்கு ரிப்பன் கட்டிவிடுவார். அன்றைக்கெல்லாம் சாயங்காலம் வரை என் புருவம் மேலே ஏறியே இருக்கும். டீச்சர் என்னைப் பார்த்து, எதற்கு இப்படி ஆச்சரியப்படுகிறாய் என்று கேட்டிருக்கிறார்.

அம்மாவுக்கும் பட்டாசுக் கம்பெனிதான், ஆனால் வேறு கம்பெனி. பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கிற வேலை. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது அவள் கை முழங்கை வரை வெள்ளி முலாம் பூசியதுபோல மினுங்கும். அலுமினியப் பொடி. கோயில் சிலைக்கு இருப்பதுபோன்ற கை எங்கள் வீட்டில் இருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. பெரியவளானதும் எனக்கும் அப்படிக் கை வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

தான் மருந்தில் கை வைப்பதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசமாட்டாள். தம்பி அந்த வேலையில் இருப்பதைப் பற்றி மட்டும் புலம்பிக்கொண்டே இருப்பாள். அவளுடைய புலம்பலுக்கு ஓர் ஆடி மாதத்தில் வழி பிறந்தது. ஆடிப்பெருக்கன்று சிவகாசி அச்சகங்களில் அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்துக்குப் பூஜை போடுவார்கள். அதன் பிறகு ஆட்கள் அந்தக் கனத்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கடைகளில் ஆர்டர் பிடிப்பார்கள். ஓர் அச்சகத்தில் அதற்கு ஆள் தேவை என்று தெரிந்தவர் மூலமாகச் சேதி வந்தது. திங்கட்கிழமை காலையில் சொந்த வண்டியோடு வந்து நிற்க வேண்டும், வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். மாமாவிடம் ஒரு பழைய பைக் இருந்தது. பார்வைக்குக் கிழடு, ஆனாலும் ஒரே உதையில் கிளம்பும். அம்மா அதற்குத் திருநீறு பூசிவிட்டாள்.

ஊர் ஊராக ஓடப்போகிற வண்டி, நல்ல ஆயிலோடு போகட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை மாமா தானே ஆயில் மாற்ற உட்கார்ந்தார். எஞ்சினுக்கு அடியில், பழைய ஆயிலை வடிப்பதற்கென்று ஒரு போல்ட் உண்டு. அதைக் கழற்றி, வடித்து, திரும்ப மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. மாட்டும்போதுதான் மாமாவின் கை தன் குணத்தைக் காட்டியது. ஸ்பானரின் முனையில் ஒரு பழைய தண்ணீர்க் குழாயைச் செருகி நீளமாக்கிக்கொண்டார். ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டார்.

"போதும்லே, ரொம்ப முடுக்காத" என்றாள் அம்மா.

"ரோட்டுல போறப்ப கழண்டு விழுந்துச்சுன்னா யாருக்கா பாக்குறது?" என்று கேட்டுவிட்டு இன்னொரு இழுப்பு இழுத்தார்.

அத்தோடு ஸ்பானர் லேசாகிவிட்டது. போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தது, எங்கேயும் நிற்கவில்லை. போல்ட் இரும்பு, அது ஏறுகிற எஞ்சினோ அலுமினியம். உள்ளே இருந்த மரை அத்தனையும் வழித்துக்கொண்டு வந்துவிட்டது. மாமாவின் முகம் எங்கள் எல்லோருக்கும் புரிகிற மாதிரி மாறியது. விருதுநகரில் மிளகாய் வத்தல் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் அப்பா அன்றைக்கு வீட்டில்தான் இருந்தார். கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே, "மரை கழண்டது வண்டிக்கு மட்டுந்தானா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

மாமா தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். போல்ட்டில் சணலைச் சுற்றினார். பசையும் பூசினார். கம்பெனியில் எப்படியோ அப்படியே, இடைவெளி தெரியாமல், அழகாக. ஓட்டைக்குள் வைத்து அழுத்தினார், நின்றது. புது ஆயிலை ஊற்றினார், ஒழுகவில்லை. அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அணுகுண்டுக்கு நிற்கிற சணல் ஆயிலுக்கு நிற்காதா என்று நானும் நம்பிவிட்டேன்.

மறுநாள் காலை அம்மா வாசல் தெளித்தபோது தண்ணீரின் மேல் வானவில் நிறம் மிதந்தது. பைக்குக்கு அடியில் விரலை வைத்துப் பார்த்தாள். சொட்டுகிற ஆயில் விரல் நுனியில் வந்து விழுந்தது. மாமா அதற்குள் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுத் தயாராக நின்றார்.

"நேத்து சிந்துனதுக்கா அது."

"நேத்து சிந்துனது இப்ப எப்படில சொட்டும்?"

"சிவகாசி வரைக்கும் தாங்கிரும்க்கா. வேலையில சேந்துட்டு பாத்துக்கிடுறேன்."

"ஆயிலு இல்லாம எஞ்சின் பிடிச்சிக்கிடுச்சுன்னா அதுக்கப்புறம் எதை பாக்கப் போற? மறுபடி சணலத்தான சுத்தப் போற?" என்றாள் அம்மா. அவள் குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டு நான் கதவோரமாக ஒதுங்கி நின்றேன்.

அவளுடைய வேன் வந்து ஹாரன் அடித்தது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டாள். சீசன் நேரத்தில் காய்ச்சலோடுகூட வேலைக்குப் போகிறவள் அவள். மாமா ஹேண்டில்பாரைப் பிடிக்க, அம்மா பின்னாலிருந்து தள்ள, வண்டி மெயின் ரோடு பிரிகிற ஆமத்தூர் விலக்குக்கு நடந்தது. என் பள்ளிக்கூடமும் அந்தப் பக்கம்தான் என்பதால் நானும் பையை மாட்டிக்கொண்டு ஒரு கை கொடுத்தேன். எங்களுக்குப் பின்னால் ரோட்டில் கருப்புப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தது வண்டி. மாமா அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

விலக்கில் இருந்த மெக்கானிக் அண்ணாச்சி அப்போதுதான் கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். போல்ட்டை உருவினார். அதன் கூடவே சணலும் நீளமாக வந்தது. அண்ணாச்சி அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"சுத்து நல்லாத்தான் இருக்கு. திரி வைக்க மறந்துட்டீகளோ?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து மாமாவும் சிரித்தார். காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை நானும் அப்போதுதான் விட்டேன்.

கெட்டுப்போன மரையைக் கடைந்தெடுத்து, ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கிப் புது மரை போட்டார் அண்ணாச்சி. அதற்கேற்ற போல்ட் ஒன்றையும் தேடி எடுத்தார். இனிமேல் இதைக் காப்பாற்ற மூன்றே காரியம்தான் என்றார். ஒவ்வொரு தடவையும் புது வாஷர் போட வேண்டும். ஸ்பானரை எடுக்கும் முன்னால் போல்ட்டை விரலாலேயே கடைசி வரை ஏற்ற வேண்டும், நடுவில் மக்கர் பண்ணினால் வம்பு பண்ணாமல் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப ஏற்ற வேண்டும். அப்புறம் ஸ்பானரைக் கழுத்தோடு குட்டையாகப் பிடித்து, வாஷர் அமுங்கினதும் கையை எடுத்துவிட வேண்டும்.

"இதுவும் கெட்டு மறுபடி கடைஞ்சா அப்புறம் எஞ்சினுல சதை இல்ல, பாத்துக்கிடுங்க" என்றார்.

மாமா கையை நீட்டினார். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டுத் தானே ஸ்பானரை வாங்கிக்கொண்டாள். புடவையை ஒதுக்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, போல்ட்டை விரலால் ஏற்றினாள். அது போய் உட்கார்ந்ததும் ஸ்பானரைப் பிடித்து ஒரு சின்ன இழுப்பு. நிறுத்திவிட்டாள். இதுவும் ஒரு முடுக்கா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அம்மாவுக்குக் கையில் பலமே இல்லை என்று நினைத்தேன்.

அண்ணாச்சி தொட்டுப் பார்த்தார். "இதான் கணக்கு. எங்கன பழகுனீக?"

"மருந்து அடைக்கிறவளுக்கு எங்கன நிறுத்தணும்னு தெரியணும்ல அண்ணாச்சி" என்றாள் அம்மா.

அண்ணாச்சியிடமே புது ஆயில் ஊற்றிக்கொண்டு மாமா சிவகாசிக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில் ஏறிவிட்டதாம். நல்ல ஊர்கள் இருக்கிற லைன்களையெல்லாம் மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். யாரும் கேட்காத சாயல்குடிப் பக்கம்தான் மிச்சம் இருந்தது. அவ்வளவு தூரம் வண்டி தாங்குமா என்று மேனேஜர் கேட்டாராம். எங்க அக்கா முடுக்கின போல்ட்டுங்க என்று மாமா சொன்னாராம். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது, ஆல்பத்தைக் கொடுத்துவிட்டார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஆயில் மாற்றுவது கிட்டத்தட்ட ஒரு விசேஷம். மாமா லைன் முடித்து வரும் நாட்களில், அம்மா வேனை விட்டு இறங்கி நேராக வண்டிக்குத்தான் வருவாள். மாமா போல்ட்டைக் கழற்றலாம், மாட்ட அவருக்கு அனுமதி இல்லை. பழைய ஆயில் தாம்பாளத்தில் வடியும்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். "எம்புட்டு கருத்திருக்கு பாத்தியா" என்று என்னிடம் சந்தோஷமாகச் சொல்வாள். என் யூனிபார்மில் மைப்பொட்டு ஒன்று பட்டால் தெருவே கேட்கும்படி ஏசுகிறவளுக்கு, இவ்வளவு அழுக்கைப் பார்த்தால் எதற்குச் சிரிப்பு வருகிறது என்று எனக்கு விளங்காது. ஓட ஓடத்தான் ஆயில் கருக்கும், ஓடிய நாளெல்லாம் அவள் தம்பி மருந்துக்குப் பக்கத்தில் உட்காராத நாள் என்பதைச் சேர்த்துப் பார்க்கிற வயது எனக்கு வரவில்லை.

அப்படி ஒரு சாயங்காலம், மாமாவின் கருத்த கையும் அம்மாவின் வெள்ளிக் கையும் வண்டிக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. "பெரிசானா எனக்கு உன் கைதாம்மா வேணும்" என்றேன்.

அம்மா கையை முந்தானையில் துடைத்தாள். வெள்ளி போகவில்லை. மறுபடியும் துடைத்தாள். பிறகு, மாமாவைக்கூடத் தொடவிடாத அந்த ஸ்பானரை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இந்தா, இனிமே நீ முடுக்கு" என்றாள்.

கேட்ட கையைத்தான் கொடுத்துவிட்டாள் என்று குதித்தேன்.