கட்டாமல் விட்ட கைகள்

ஹெலன் நர்ஸாகிப் பத்தொன்பது வருடமாகிறது. கடைசி ஆறு வருடமாக, ஆம்பூர் பக்கத்தில் ஒரு சின்ன மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை. எட்டுக் கட்டில், காலையில் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், உதவிக்குச் செண்பகம்.

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி வாக்கில் ஆம்புலன்ஸில் பரந்தாமனைக் கொண்டுவந்தார்கள். எண்பத்து நான்கு வயது. ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். மகன் நவநீதனுக்கு ஓசூரில் வேலை. இரண்டு நாளாகக் காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை என்றாள், கூட வந்திருந்த பக்கத்து வீட்டு கௌசர்.

"இடது காது சுத்தமா கேக்காது சிஸ்டர். வலது பக்கம் வந்து பேசுங்க. எங்கம்மாவும் படுக்கையில இருக்காங்க, நான் போயே ஆகணும்" என்று சொல்லிவிட்டு, அவர் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

டாக்டர் அன்பரசன் பார்த்துவிட்டு சலைன் போடச் சொன்னார். அரை மணியில் பெரியவர் நிலைகொள்ளாமல் தவிக்க ஆரம்பித்தார். ஊசியைப் பிடுங்கப் பார்த்தார்.

"எறக்கி விடும்மா. நான் போவணும்."

"எங்க போவணும்?"

"போவணும்மா."

செண்பகம் பேண்டேஜ் துணியோடு வந்தாள். "கையைக் கட்டிடலாமா சிஸ்டர்? இல்லன்னா விழுந்துடுவாரு."

ஹெலனுக்கு மனசு வரவில்லை. கட்டினால் வயசானவர்கள் இன்னும் மிரண்டு போவதை அவள் பார்த்திருக்கிறாள். "வேணாம். நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று கட்டிலின் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்குக் கம்பெனிப் பெண்களை ஏற்றிவந்த வேன் கவிழ்ந்து ஒன்பது பேர் வந்தார்கள். அம்பரீன் என்ற பெண்ணுக்குக் கையில் ரத்தக்குழாய் அறுந்து பீறிட்டது. டாக்டர் இன்னொருத்திக்கு மூச்சுக்குழாய் போட்டுக்கொண்டிருந்தார். செண்பகம் வாசலில் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டிருந்தாள். ஹெலன் இரண்டு கையாலும் அம்பரீனின் காயத்தை அழுத்திப் பிடித்திருந்தாள். அப்போதுதான் பார்த்தாள். பரந்தாமன் ஒரு காலைத் தூக்கிக் கம்பிக்கு மேல் போட்டிருந்தார்.

"அய்யா! எறங்காதீங்க! யாராவது அவரைப் புடிங்க!"

அவள் நின்றது அவருடைய இடது பக்கம். அவர் திரும்பவே இல்லை. கையை எடுத்தால் இந்தப் பெண் போய்விடுவாள். பத்தடி தூரத்தில் அவர் விழுவதை முழுசாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கட்டிலில் ஏற்றிய பிறகுதான் டாக்டர் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. டியூப் போட்டதும் முக்கால் லிட்டருக்கு மேல் சிறுநீர் வந்தது. பெரியவர் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டு, அடங்கிப் படுத்தார். எங்கே போகணும் என்று கேட்ட ஹெலனுக்கு, ஒண்ணுக்கு வருதா என்று கேட்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் நவநீதன் வந்தபோது ஹெலன் எதையும் மறைக்கவில்லை. "ஒண்ணுக்குப் போவணும்னுதான் சொல்லிருக்காரு. எனக்குப் புரியல சார். விழுறப்ப எட்டிப் புடிக்கவும் முடியல."

அவர் திட்டுவார் என்று நினைத்தாள். "ஒரு ஆளு இன்னா பண்ணுவீங்க" என்று மட்டும் சொன்னார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வேலூருக்கு அனுப்பினார்கள். நெஞ்சுச் சளி ஜாஸ்தி, ஆபரேஷன் தாங்கமாட்டார் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவில் ஹெலன் போய்ப் பார்த்தாள். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. வலது பக்கம் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினாள். இரண்டு ஸ்பூன் இறங்கியது. மூன்றாவது வாயோரம் வழிந்தது.

வியாழக்கிழமை இறந்துபோனார். அம்பரீன் இப்போது வேலைக்குப் போகிறாள்.

இன்னொரு நர்ஸ் வேண்டும் என்று அன்பரசன் இரண்டு முறை எழுதிப் போட்டுவிட்டார். பதில் வரவில்லை. எந்த வயசானவர் வந்தாலும் ஹெலன் முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கிறாள். அன்றைக்கு அந்தக் கைகளைக் கட்டியிருக்க வேண்டுமா என்று செண்பகத்திடம் ஒருநாள் கேட்டாள். செண்பகத்துக்கும் தெரியவில்லை.