மாட்டர்ஹார்ன் கதை கேட்டு இறங்கிய படிகள்

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது. கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் ஒரு முதல் மாடி வீட்டில் குடியிருந்தோம். இங்கே பல வீடுகளுக்கு மாடிப்படி வெளியேதான் இருக்கும். எங்களுடையது வளைந்து இறங்கும் இரும்புப் படி. நான் நிறைமாத கர்ப்பிணி. அன்று காலையிலிருந்து உறைமழை. விழுந்த துளியெல்லாம் அப்படியே பனிக்கட்டியாகி, படிகள் கண்ணாடி பூசியதுபோல் மின்னின. கணவர் டவுன்டவுனில் வேலைக்குப் போயிருந்தார். பத்து மணிக்கு எனக்கு வலி எடுத்தது.

மரங்கள் முறிந்து கிடப்பதால் ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். கணவர் போனில் அழாத குறை. வேறு வழி தெரியாமல் காலால் தரையைத் தட்டினேன். கீழ்வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதி. ஒரு வருடமாகப் பார்த்தால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் பழக்கம்.

இருவரும் கம்பியைப் பிடித்து ஏறி வந்துவிட்டார்கள். அந்த அண்ணன் படிகளில் உப்பைக் கொட்டினார். மழை கழுவிக்கொண்டு போனது. என்னைக் கட்டி இறக்க, துணி காயப்போடும் கயிறு இருக்கிறது என்றேன்.

"அது மெல்லிசு, சரிவராது" என்று, தன் காரில் இருந்த வண்டி இழுக்கும் கயிற்றை எடுத்து வந்தார். வயிற்றில் படாமல் என் அக்குளுக்குக் கீழே கட்டினார். அவர் மனைவி எனக்கு ஒரு படி கீழே, என்னைப் பார்த்தபடி நின்றார். அண்ணன் மேலே.

மூன்றாவது படியில் கால் எழாமல் நின்றுவிட்டேன். அண்ணன் பேச்சுக் கொடுத்தார். கனடா வருமுன் சுவிட்சர்லாந்தில், மாட்டர்ஹார்ன் மலையடியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தாராம்.

"நூற்றறுபது வருசத்துக்கு முந்தி, முதன்முதலா அதில ஏழு பேர் ஏறினவை, தங்கச்சி. உச்சிக்கும் போயிட்டினம். இறங்கேக்க ஒருத்தர் சறுக்க, கயிறு அறுந்து நாலு பேர் விழுந்து போட்டினம். நல்ல கயிறு கையில இருக்க, பழசைக் கட்டியிருக்கினம். அறுந்த துண்டு இப்பவும் அங்க மியூசியத்தில கிடக்கு."

"உங்களுக்கென்ன விசரே? பிள்ளைத்தாச்சிக்குச் சொல்லுற கதையே இது?" என்று கீழ்ப்படியில் நின்ற அக்கா கத்தினார்.

அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கால் கொஞ்சம் இளகியது. திரும்பிப் பார்த்தேன். கயிற்றின் மறுமுனையை அவர் தன் இடுப்பில் கட்டியிருந்தார்.

"அண்ணா, நான் விழுந்தா நீங்களும் விழுவீங்களே!"

"ஓம். அதாலதான் விழ விடமாட்டன். மெல்ல மெல்லக் காலை வையுங்கோ."

வலி வரும்போதெல்லாம் நின்று, அடங்கியதும் இறங்கினோம். பத்தொன்பது படிக்கு அரைமணி நேரம். அவர் காரிலேயே ஊர்ந்து ஊர்ந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். மதியம் மகள் பிறந்தாள்.

பிறகு குழந்தையைப் பார்க்க வந்தவரிடம், "நீங்க அந்த மலையில ஏறியிருக்கீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

வெட்கத்தோடு சிரித்தார். "நானோ? எனக்கு உயரமெண்டால் சரியான பயம், தங்கச்சி."

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும், 'இங்க எங்களுக்குன்னு யார் இருக்கா?' என்று புலம்புவது என் வழக்கம். அன்றைக்கு அப்புறம் அந்த வார்த்தை என் வாயில் வந்ததே இல்லை.