கல்லுக்கு முன்னால் கழற்றிய சப்பாத்து

ஒன்றுமே நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அருங்காட்சியகக் காவலாளியின் வேலை. நாள் முழுக்க நின்றே சம்பளம் வாங்குகிறவர்களுக்கு என் முழங்காலின் கதை புரியும். மெல்பேர்னில், பழைய இஸ்ரவேலரைப் பற்றிய கண்காட்சியில் என்னைப் போட்டிருந்தார்கள். மங்கிய வெளிச்சம், மூவாயிரம் வருஷத்துப் பானைகள், கோயிலில் நின்ற ஒரு கல். கண்ணைத் திறந்துகொண்டே கனவு காணலாம். மூன்று மாதம் புகாரில்லாமல் ஓட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் திரும்பவும் ட்ருகனினாக் கிடங்கில் பெட்டி தூக்கவேண்டும். அந்தப் பயம் எனக்கு நிறையவே இருந்தது.

இரண்டு பானை

இஸ்ரவேலர் எகிப்திலிருந்து வந்தார்கள் என்கிறது வேதாகமம். மலையில் இருந்த அவர்களுடைய பானையும் கீழே இருந்த கானானியரின் பானையும் ஏறக்குறைய ஒன்று, பலர் அந்த மண்ணிலேயே இருந்தவர்களாக இருக்கலாம் என்கிறது எங்கள் அறிவிப்புப் பலகை. எனக்கு அந்த மலையும் அடுப்புப் புகையும் கண்ணுக்குள் வந்துபோயின. என்னோடு நிற்கும் மதுரைக்காரர் சுரேஷ் பலகையை இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சொன்னார்:

“ரெண்டு வீட்லயும் ஒரே பானை. அப்புறம் எப்பண்ணே நாம வேற, அவங்க வேறன்னு ஆரம்பிச்சது?”

வெறுங்கால்

ஒரு வெள்ளிக்கிழமை புறநகர் கிரான்பர்னிலிருந்து எங்கள் ஊர்ப்பக்கத்து அன்ரி ஒருவர் தனியாக வந்தார். “இதென்ன கல்லு தம்பி?” என்றார். உருவம் செய்யாமல், இப்படிக் கல்லை நிறுத்தியும் கடவுளைக் கும்பிட்டிருக்கிறார்கள் என்றேன். அவ்வளவுதான், சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கைகூப்பினார். வெறுங்காலோடு நிற்க இங்கே அனுமதியில்லை. மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

“உருவம் இல்லாட்டி சாமி இல்லையோ தம்பி? எங்கட வைரவரும் கல்லாத்தானே நிண்டவர்.”

பூ

அவர் போன பிறகு பார்த்தால், கல்லின் அடியில் ஒரு செவ்வரத்தம்பூ. புதுப் பூவோடு பூச்சி வரும், பூச்சி வந்தால் பழைய பொருளெல்லாம் போச்சு. உடனே அறிவிப்பது விதி. நான் பூவைச் சட்டைப்பைக்குள் ஒளித்தேன். அன்ரியைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

பின்னேரம் மேலதிகாரி மார்கரெட் கூப்பிட்டார். கமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. ட்ருகனினாப் பெட்டிகள் என் கண்முன் வரிசையாக நின்றன. வாடிய பூவை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் பூவைப் பூதக்கண்ணாடியில் இதழ் இதழாகப் பார்த்தார்.

“பூச்சி இல்லை. இத்தனை காலம் கழித்து அந்தக் கல்லுக்கு ஒரு பூ கிடைத்திருக்கிறது, அதற்குப் போய் நான் புகார் எழுதுவதா?”

வேலை நிரந்தரமாகிவிட்டது. சீருடைச் சப்பாத்தைக் கழற்ற முடியாதாகையால், வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கல்லுக்கு முன்னால் நாடாவை மட்டும் ஒருதரம் அவிழ்த்துக் கட்டிக்கொள்கிறேன்.