அப்பா போன கோர்ஸ்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பா டவுனில் இருக்கிற ஓர்ஸ் ஹில்லுக்குக் கோர்ஸ் படிக்கப் போனார். அம்மா அயலவர்களிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். படகு எஞ்சின் திருத்துகிற மனிதருக்கு நாற்பது வயதில் என்ன கோர்ஸ் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதிலேயே அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பது இப்போது விளங்குகிறது.

அது குடியை விட நினைக்கிறவர்களுக்கான நிலையம். அங்கே தங்கத் தேவையில்லை. காலையில் போனால் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடலாம். போனதும் குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொல்லிப் பார்ப்பார்கள். கை நடுக்கத்துக்குக் குளிசை கொடுப்பார்கள். பிறகு வட்டமாக இருத்திக் கதைக்க வைப்பார்கள். அப்பா ஸ்திரிக்கை போட்ட சேர்ட்டும் சோற்றுப் பார்சலுமாக பஸ் ஏறுவார்.

எனக்கும் வீட்டில் ஒரு வேலை இருந்தது. அப்பா எழும்ப ஏலாமல் கிடக்கிற நாட்களில் படகுக்காரர் தேடி வந்தால், வாசல் படலையடிக்குப் போய் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொல்ல வேண்டும். அதை நான் திறமாகவே செய்வேன். நூற்றிரண்டு என்று அளவும் சொல்லி அனுப்புவேன்.

மூன்றாம் கிழமை குடும்பத்தவர்களையும் வரச் சொன்னார்கள். பொங்கலுக்கு வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு அம்மாவோடு போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். கூட்டத்தை நடத்திய மிஸ் மெல்லிய குரலில், அப்பா குடித்துவிட்டு வந்தால் வீடு எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டார். வகுப்பில் போல எழுந்து நின்றேன்.

"அப்பா குடிக்கிறேல்லை மிஸ். அவருக்கு அடிக்கடி காய்ச்சல் வாறது."

ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா தன் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தார்.

"இல்லை மகள். காய்ச்சல் இல்லை. நான் குடிச்சனான்." பிறகு என் பக்கம் திரும்பி, "உன்னைப் பொய் சொல்ல வைச்சதும் நான்தான்" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. எவ்வளவு காலமாகக் கட்டிக் காத்ததை இத்தனை பேருக்கு முன்னால் போட்டு உடைத்துவிட்டாரே. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். ஐஸ்கிரீம் வேண்டுமா என்று அப்பா கேட்டார், வேண்டாம் என்றேன். முன் சீட்டில் அம்மாவும் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதுகொண்டே வந்தார். என்னால்தான் அழுகிறார், அடுத்தமுறை இன்னும் நல்ல பொய்யாகச் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

அதன் பிறகும் அப்பா ஒருமுறை தவறினார். கந்தளாயில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தார். ஆனால் மறுநாள் யாரும் சொல்லாமலே நிலையத்துக்குப் போனார். போய், நடந்ததைத் தானே சொன்னாராம். இன்றுவரை திரும்பத் தொடவில்லை.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து 'நான் குடிச்சனான்' என்ற அந்த ஒரு வசனத்தை அப்பாவின் வாயால் கேட்கத்தான் அம்மா காத்திருந்தார் என்பதும், கேட்ட நிம்மதியில்தான் வீடு வரும்வரை அழுதார் என்பதும் எனக்கு அன்று எப்படித் தெரியும்?