சாகாதவனுக்கு வைத்த பெயர்

எண்பதுகளின் கடைசியில் நான் தர்மபுரியில் ஒரு முஸ்லிம் பாயின் கடையில் டி.வி., ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் நல்லம்பள்ளிப் பக்கம். காலையில் டவுன் பஸ் ஏறினால் பொழுது சாய வீடு வந்துவிடுவேன். வீட்டில் அம்மா, அக்கா, நான். அக்கா கல்யாணமாகிப் போனவள்தான். மாமா காணாமல் போனபிறகு, மாமியார் வீட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

காணாமல் போனார் என்று ஊருக்காகச் சொல்கிறேன். மாமா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். முதலில் மாதம் ஒருமுறை வந்தார். அப்புறம் பொங்கல், தீபாவளிக்கு மட்டும். அப்புறம் அதுவும் இல்லை. தேடிப் போனால், அவரைக் கூட்டிப்போன மேஸ்திரியிடமிருந்து விலகிப் பல நாள் ஆயிற்று என்றார்கள். இரண்டு வருஷம் கழித்து, மைசூருக்குத் தக்காளி லோடு ஓட்டும் எங்கள் ஊர் டிரைவர் ஒருவர், அங்கே மார்க்கெட் தெருவில் மாமாவைப் பார்த்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டாராம். மாமா திரும்பிப் பார்த்து, 'யாரு நீவு?' என்று கன்னடத்தில் கேட்டுவிட்டுப் போய்விட்டாராம்.

டிரைவர் நல்ல மனிதர். திண்டாட்டத்தோடு வந்து அம்மாவிடம் சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் ஊரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: பாவம், மனுஷனுக்கு நெனப்பு தப்பிப்போச்சு. சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டிருக்கும் என்றார் ஒருவர். யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்றாள் ஒருத்தி. ஏன் தப்பியது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. தப்பியது என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள், வலிக்காத காரணமாகப் பார்த்துப் பொறுக்கி எடுப்பார்கள்.

அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பாப்பாரப்பட்டியில் புளி வியாபாரம் பார்த்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், மனைவியை இழந்தவர், அக்காவைக் கேட்டு ஆள் அனுப்பினார். அவசரப்படாத மனிதர். 'அந்தப் புள்ள சரின்னு சொன்னா போதுங்க, நான் இருக்கறேன்' என்று மட்டும் சொல்லியனுப்பினார். எங்கள் பக்கத்தில் புருஷன் விட்டுவிட்டுப் போனால், ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி அந்தப் பெண் தன் வாயால் அதைச் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தக் கல்யாணத்தைத் தீர்த்துவிடுவார்கள், அவள் வேறு வாழ்க்கை பார்க்கலாம். ஆனால் சீக்கு வந்த புருஷனைத் தீர்த்துவிட முடியாது. அக்கா அதைத்தான் சொன்னாள். நெனப்பு திரும்பி வந்து நிற்கும்போது நான் இல்லாவிட்டால் அவர் எங்கே போவார் என்பாள். அவளுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. எனக்கு எரிச்சலாக வரும்.

இந்த நிலையில்தான் பாயின் தம்பி துபாயிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். சாப்பாட்டுத் தட்டு அகலம்தான் இருக்கும், மேலெல்லாம் எழுத்துப் பட்டன். டி.வி.யில் சொருக வேண்டும், கூடவே ஒரு டேப் ரெக்கார்டரும் வேண்டும். கேசட்டில்தான் விளையாட்டு இருக்கும். அவர் வீட்டில் யார் என்ன செய்தும் அது ஓடவில்லை. பாய் என்னிடம் தந்து, வீட்டுக்கு எடுத்துப்போய் சாவகாசமாகப் பார் என்றார்.

கோளாறு பெரிதில்லை. டேப் ரெக்கார்டரின் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தது. சின்ன ஸ்குரூடிரைவரால் திருகித் திருகி நேராக்கினேன். கேசட் ஓடும்போது வந்த சத்தத்தில் அம்மா காதைப் பொத்திக்கொண்டு, எதையோ அறுக்கிறாயா என்று சமையல்கட்டிலிருந்து வந்து பார்த்தாள். எங்கள் கறுப்பு வெள்ளை டி.வி.க்கு ஆன்டெனா பெங்களூர்ப் பக்கம் திருப்பியிருக்கும், அதில் அதுவரை வந்ததெல்லாம் கன்னடம்தான். அன்றைக்கு அதில் ஒரு கடற்கரை வந்தது. மணலில் ஒரு ஆள் கிடந்தான். கீழே இங்கிலீஷில் நாலு வரி.

என் இங்கிலீஷ் அரைகுறை. டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். அவன் ஒரு வீரன். கண் விழிக்கிறான். தான் யார், எந்த ஊர், எதுவும் நினைவில்லை. அடுத்த வரியில், அவனுக்குச் சாவு கிடையாது என்று போட்டிருந்தது. இதை நான் சும்மா வாய்விட்டுப் படித்தேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றுவிட்டது.

"என்ன சொன்ன? திரும்பப் படி."

திரும்பப் படித்தேன். முறத்தை வைத்துவிட்டு டி.வி. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்த ஆளுக்கு ஒரு பேர் வை என்று விளையாட்டு கேட்டது. என்ன பேர் வைக்கலாம் என்று அவளைக் கேட்டேன். திரையில் கிடந்த ஆளையே பார்த்தாள். பிறகு, உங்க மாமா பேரைப் போடேன் என்றாள்.

எங்கள் வீட்டுப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். அக்கா அதில் ரொம்பக் கறார். மாமா பேர்கொண்ட பக்கத்துத் தெருப் பையனைக்கூட 'ஓரத்து வூட்டுப் பையன்' என்றுதான் சொல்வாள். பேரைச் சொல்லாமல் காப்பாற்றினால் ஆள் எங்கேயோ உயிரோடு இருப்பார் என்பது அவள் கணக்கு. நான் மாமா பேரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். அக்கா இங்கிலீஷ் எழுத்து தெரியாதவள். ஆனாலும் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் இதே வேலையாகிவிட்டது. பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே அக்கா காப்பி போட்டு வைத்திருப்பாள். நான் தட்டுவேன், அவள் வழி சொல்வாள். அந்த ஆள் காட்டைத் தாண்டினான், கோட்டைக்குள் போனான், ஓநாயிடம் கடிபட்டான். உயிர் போனால் திரை இருண்டு, மறுபடி அதே மணலில் எழுந்து உட்காருவான். செத்துட்டான் என்று நான் ஒருமுறை சொன்னதற்கு அக்கா சுள்ளென்று விழுந்தாள். அதிலிருந்து 'சாஞ்சுட்டார்' என்றுதான் சொல்ல வேண்டும். அமாவாசையன்று சண்டைக்கு அனுப்பவிட மாட்டாள். பையில் ரொட்டி இருக்கிறதா, முதலில் சாப்பிட வைத்தாயா என்று கேட்பாள். ரொட்டி எத்தனை நாளைக்குத் தாங்கும், சோறு கிடைக்காத ஊரா என்று வருத்தப்படுவாள். அம்மா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கும் சிரிப்புதான். ஆனால் அக்கா எதையாவது ஆசையாக உட்கார்ந்து பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. அதனால் அவள் சொன்னதையெல்லாம் செய்தேன்.

போகிற ஊரிலெல்லாம் அந்த ஆள் செய்யும் முதல் வேலை ஒன்று இருந்தது. எதிரே யார் வந்தாலும் நிறுத்தி, 'என்னை உங்களுக்குத் தெரியுமா?' என்று கேட்பான். கிணற்றடியில் தண்ணீர் இறைப்பவளைக் கேட்பான், கொல்லனைக் கேட்பான், கோட்டை வாசலில் நிற்கும் சிப்பாயைக் கேட்பான். சிலர் விரட்டுவார்கள். யாராவது ஒருவர் தெரிந்த முகம்போலப் பார்த்துவிட்டால் போதும், அவர் பின்னாலேயே போவான். அந்தக் கட்டங்களில் அக்கா தட்டாதே, நில்லு, அவுங்க என்ன சொல்றாங்கன்னு முழுசாப் படி என்பாள்.

ஒருவழியாக விளையாட்டு முடிந்தது. அவன் ஏதோ ஒரு ராஜ்ஜியத்தைக் காப்பாற்றினான், எல்லோரும் வணங்கினார்கள், அவ்வளவுதான். அக்கா காத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, ஏன் மறந்துச்சுன்னு சொல்லவே இல்லையே என்றாள். நானும் தேடினேன். டப்பாவில் இருந்த சின்னப் புத்தகத்திலும் இல்லை. ஏன் மறந்தது, ஏன் சாகவில்லை, இரண்டையும் எங்கேயும் சொல்லவில்லை. அக்கா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது பாயின் தம்பியிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "அதுக்கெல்லாம் காரணம் கிடையாதுப்பா. வெளையாடறவனுக்கு அந்த ஊரு ஒண்ணும் தெரியாதுல்ல? அதனால அவனுக்கும் எதுவும் தெரியாதுன்னு வெச்சுட்டாங்க. செத்துட்டா வெளையாட்டு முடிஞ்சிரும், அதனால சாவும் இல்லைன்னு வெச்சுட்டாங்க. எல்லாம் ஒரு சௌகரியத்துக்குத்தான்."

வீட்டுக்கு வந்து இதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அவள் 'ஓ' என்று மட்டும் சொன்னாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், துணி மடித்தாள், ஒரு வாரம் அப்படியே போனது. நான்கூட அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டிரைவர் எங்கள் தெருவழியாகப் போனார். அக்கா அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தாள். அன்றைக்கு மைசூரில் நடந்ததை இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். அவர் பழையபடியே சொன்னார். பேர் சொல்லிக் கூப்பிட்டபோது உடனே திரும்பினாரா என்று கேட்டாள். உடனே திரும்பினார் என்றார். 'யாரு நீவு'ன்னு கேட்டுட்டு நின்னாரா என்று கேட்டாள். டிரைவர் மோரைப் பார்த்துக்கொண்டே, நிக்கலைங்க, வேகமாப் போயிட்டாரு என்றார்.

அவர் போனபிறகு அக்கா வாசற்படியில் உட்கார்ந்தாள். அழவில்லை. குரல் மட்டும் தணிந்திருந்தது.

"நெனப்பு தப்புன ஆளு எப்பிடி இருப்பான்னு பாத்தோமில்ல? எதுர வர்றவனையெல்லாம் புடிச்சு நிறுத்தறான், என்னயத் தெரியுமான்னு. இவரை ஒருத்தர் பேரு சொல்லியே கூப்பிட்டிருக்கறாரு. நிக்கலையே, கண்ணு."

நான் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போது அவள் மாமாவின் பேரைச் சொன்னாள். அவள் வாயிலிருந்து அந்தப் பேரை நான் கேட்டதே இல்லை. அதுவும் 'அவன்' போட்டு, அவனுக்கு எல்லாம் நல்லா ஞாபகம் இருக்குது என்றாள். உள்ளே இருந்த அம்மா பதறிப்போய் வெளியே வந்தாள். எனக்கு மாமாமேல் அத்தனை வருஷம் வராத கோபம் அந்த நிமிஷத்தில் வந்தது. ஊர்மேலும் வந்தது. எல்லோரும் சேர்ந்து ஒரு ஓடிப்போன மனிதனை நோயாளியாக்கி, அவள் தலையில் கட்டி வைத்திருந்தோம்.

அடுத்த வாரம் அவளே சொல்லித்தான் பெரியவர்களைக் கூட்டினோம். மாரியம்மன் கோயில் முன்னால், வெயில் தாழ்ந்த நேரம். மாமாவின் அண்ணனும் வந்திருந்தார். அவர்தான் ஆரம்பித்தார்: சீக்காகிக் கிடக்கிறவனை விடலாமா, செத்துப் போயிருந்தாலாவது ஒரு முறை இருக்கிறது, இது எந்தக் கணக்கு என்றார். நியாயமாகத்தான் பட்டது. இரண்டு மூன்று தலைகள் ஆடின.

ஊர்ப் பெரியவர் அக்காவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "நீ சொல்லும்மா. உன் வூட்டுக்காரர் இருக்கறாரா, இல்லையா?"

அக்கா தலை நிமிர்ந்துதான் இருந்தாள்.

"இருக்கறாருங்க. சீக்கெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, நல்லா இருக்கறாரு. எனக்குத்தான் இல்லைங்க."

அதற்குமேல் அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அன்றைக்கே தீர்த்துவிட்டார்கள்.